புதன்கிழமைகளில் படம் நின்றுவிடுகிறது

செப்டம்பர் 4

இல்லை, சுவர்தான் காரணம். சுவரும் மாடித் தளமும். வேறு எதுவாகவும் இருக்க முடியாது.

நேற்றைய அழைப்பு. ஆதிரை சீருடையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தாள். விழுந்த முன்பல்லின் இடத்தை நாக்கால் தொட்டுக் காட்டினாள். சாப்பிட்டியா என்றேன். சாப்பிட்டேன். அங்கே மழையா என்றேன். மழை. தீபாவளி லீவுக்கு அம்மாகிட்ட வர்றியா என்றேன்.

படம் நின்றுவிட்டது.

வாய் பாதி திறந்தபடி. கண்கள் என்னை நோக்கி, ஆனால் என்மேல் இல்லை. "ஆதி, கேக்குதா? ஆதி?" நான் துண்டித்து மறுபடி அழைத்தேன். எடுத்ததும் அவளே முந்திக்கொண்டாள்: "சிக்னல் இல்லம்மா." பிறகு வகுப்பில் வளர்க்கும் ஆமையைப் பற்றிப் பேசினாள். ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டால் யார் கூப்பிட்டாலும் வராதாம். அரை மணி நேரம் முடிந்துவிட்டது.

வாரத்துக்கு அரை மணி. புதன் மாலை. நீதிமன்றத்தின் இடைக்கால ஏற்பாடு. சிவப்பிரகாஷுக்குப் புனேயில் வேலை. நாங்கள் பிரிந்தபோது, பள்ளியை மாற்ற வேண்டாம் என்று ஆதிரை அங்கேயே இருந்தாள். அவனுடைய அக்கா சுகுணா கூட வந்து தங்கிப் பார்த்துக்கொள்கிறாள். எனக்குக் கோவையில் கல்லூரி வேலை கிடைத்தது. எல்லாம் தற்காலிகம் என்றுதான் காகிதத்தில் இருந்தது.

ஆகவே வலைத்தொடர்பைச் சரிசெய்ய வேண்டும். அது ஒன்றுதான் என்னால் முடிகிற காரியம்.


செப்டம்பர் 6

வீட்டை அளந்தேன். சிக்னலின் பலத்தை எண்ணாகக் காட்டும் செயலி ஒன்று இருக்கிறது. கைபேசியை முகத்துக்கு நேரே பிடித்தபடி அறை அறையாக நடந்தேன்.

இணைப்புப் பெட்டி இங்கே இல்லை. மாடியில், வீட்டுக்கார அம்மாள் லீலாவதி அக்காவின் ஹாலில், டிவிக்குப் பின்னால் இருக்கிறது. அதை ஒட்டி இரும்பு பீரோ. வாடகையோடு வைஃபையும் சேர்த்தி என்று சொல்லித்தான் கீழ்ப்பகுதியைக் கொடுத்தார்.

துணி எடுக்க வந்தவர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார்.

"ஏங்கண்ணு, செல்லத் தூக்கீட்டு ஊட்டுக்குள்ளயே சுத்தற? பேய் புடிக்கறியா?"

"சிக்னல் பாக்கறேங்க்கா."

"கெடச்சா எனக்குங் கொஞ்சம் குடு. நம்ம சீரியல் சுத்திச் சுத்தி நிக்குது."

பீரோவை நகர்த்த முடியுமா என்று கேட்டேன். அவர் மாமியார் வைத்த இடமாம். மாமியார் போய்ப் பல வருடம் ஆகிறது. பீரோ நகராது.

வீட்டிலேயே சிக்னல் நன்றாக இருக்கும் இடம் குளியலறை வாசல்.


செப்டம்பர் 10

குளியலறை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். பின்னால் பக்கெட் தெரியாமல் துண்டு ஒன்றைத் தொங்கவிட்டேன்.

நல்ல தலைப்பின்னல் இன்று. நடுவகிடு நேராக. சுகுணா கெட்டவள் அல்ல, அவளுக்குப் பின்னத் தெரியும். எனக்கு வகிடு எப்போதும் கோணும்.

ஆமைக்கு 'கலெக்டர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஏன் என்று கேட்டேன். "மெதுவாதான் வருவார்மா. எல்லாரும் வெயிட் பண்ணணும்." சிரித்தாள். சிரிக்கும்போதே கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். லீவுக்கு வர்றியா கண்ணு?

படம் நின்றுவிட்டது.

ஒலி மட்டும் வந்துகொண்டிருந்தது. அங்கே குக்கர் விசிலடித்தது. சுகுணா சமையலறையில் யாரிடமோ போனில் பேசுவது கேட்டது. பிறகு தேடிப் படித்தேன்: படத்துக்கு நிறைய இடம் தேவை, ஒலிக்குக் கொஞ்சம் போதும். இணைப்பு குறையும்போது முதலில் படம்தான் நிற்கும். பொருந்துகிறது.

துண்டித்தேன். அழைத்தேன். "சிக்னல் இல்லம்மா."


செப்டம்பர் 11

வழக்கறிஞர் ஷகிலா பானுவிடம் பேசினேன். அவர் பேசும்போது எப்போதும் பின்னணியில் ஒரு பிரின்டர் ஓடுகிறது.

"தீபாவளிக்கு அங்க ஸ்கூல்ல நீளமா லீவு விடுவாங்க இல்ல? அதுக்குள்ள மனு போடலாம். ஆனா பொண்ணு வாயால ஒரு வார்த்தை வரணும்மா. வர்றேன்னு. அதுபோதும். அவங்க பக்கம் மறுக்க முடியாது."

"கேக்கும்போதெல்லாம் நெட் போயிடுதுங்க மேடம்."

"அப்ப நெட்டச் சரி பண்ணுங்க. நீங்க சொல்லிக் குடுக்கவும் கூடாது, கெஞ்சவும் கூடாது. சாதாரணமா கேக்கணும்."

சாதாரணமாக. கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். லீவுக்கு வர்றியா. எந்தச் சொல்லில் அழுத்தம் விழுந்தாலும் கெஞ்சலாகிறது.

நீதிமன்றத்தின் தசரா விடுமுறை முடிந்து அக்டோபர் ஒன்பதாம் தேதி மனு போக வேண்டும்.


செப்டம்பர் 13

எக்ஸ்டெண்டர் வந்தது. சோப்புப் பெட்டி அளவு, இரண்டு காதுகள். மாடிப்படித் திருப்பத்தில் இருக்கும் பிளக்கில் செருகினேன். மேலே இருப்பதைப் பிடித்துக் கீழே தள்ளும் கருவி. தன்னிடம் எதுவும் கிடையாது. கேட்டதைத் திருப்பிச் சொல்லும், அதுவும் பாதி வேகத்தில்.

படுக்கையறையில் இரண்டு கோடு. சமையலறையில் மூன்று. பரவாயில்லை என்று எழுதிக்கொள்கிறேன்.


செப்டம்பர் 17

மூன்று கோடு. முழு நேரமும் மூன்று கோடு. கண்ணின் ஓரத்தில் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆதிரை வரைந்த படத்தைக் காட்டியபோது நல்லா இருக்கு என்று சொன்னேன், என்ன படம் என்று இப்போது நினைவில்லை.

அங்கே வெயில்போல. மேலே மின்விசிறி வேகமாகச் சுற்றியது. அவள் நெற்றி முடி பறந்துகொண்டே இருந்தது.

கேட்டேன். நின்றது.

இந்த முறை நான் துண்டிக்காமல் காத்திருந்தேன், தானாகச் சரியாகும் என்று. எவ்வளவு அழகாக நிற்கிறது படம். முடி மட்டும் அசைந்தது. முகம் அசையவில்லை. இணைப்பு தடுமாறும்போது படத்தின் ஒரு பகுதி வரும், ஒரு பகுதி வராது என்று எங்கோ படித்தேன். அல்லது படித்ததாக நினைக்கிறேன்.

துண்டித்தேன்.


செப்டம்பர் 18

எக்ஸ்டெண்டரைத் திருப்பி அனுப்பினேன். காரணம் கேட்டார்கள். எதிர்பார்த்தபடி இல்லை.


செப்டம்பர் 21

மெஷ். வெள்ளையாக இரண்டு உருளைகள், பூச்சாடிபோல. ஒன்று மாடியில் இணைப்புப் பெட்டியோடு, மற்றொன்று கீழே என் மேசையில். இரண்டும் தமக்குள் பேசிக்கொள்ளும், நமக்கு ஒரே வலையாகத் தெரியும்.

அமைக்கும்போது முதல் உருளையின் விளக்கு நெடுநேரம் சிவப்பாகவே இருந்தது. லீலாவதி அக்கா பக்கத்தில் நின்று, கோழி அடைகாப்பதைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பச்சையானதும் கையைத் தட்டினார்.

"ஏங்கண்ணு, இது ரெண்டும் புருசன் பொண்டாட்டியா?"

"கிட்டத்தட்ட அப்படித்தாங்க்கா."

"அப்பறம் நீ மேல கீழ வெச்சுப்போட்டியே. பேசிக்குமா?"

"பேசிக்குங்க்கா."

"தேவலையே," என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, காபி வைக்கிறேன் என்று உள்ளே போனார்.

மதிப்பீடு: இதில் இரண்டு அலைவரிசை. ஒன்று மெதுவானது, ஆனால் சுவர்களைத் தாண்டிப் போகும். மற்றது மிக வேகம், ஆனால் ஒரு கதவு சாத்தியிருந்தாலே வலுவிழக்கும். எதில் இணைவது என்று கருவியே முடிவு செய்துகொள்ளும். நான் செய்ய ஒன்றுமில்லை.

எல்லா அறையிலும் முழுக் கோடு. குளியலறைக்குள்கூட.


செப்டம்பர் 24

நின்றது.


செப்டம்பர் 26

இணைப்பு நிறுவனத்திலிருந்து ஆள் வந்தார். தோளில் பை, காதில் பேனா. தன் கைபேசியில் வேகத்தைச் சோதித்து என்னிடம் நீட்டினார்.

"பாருங்க மேடம். அள்ளுது. இதுல என்ன குறைங்கறீங்க?"

"படம் நின்னுடுது. வீடியோ கால்ல."

"எல்லாரோட பேசும்போதுமா, ஒருத்தரோட பேசும்போது மட்டுமா?"

யோசித்தேன். கல்லூரிக் கூட்டங்கள் நிற்கவில்லை. ஷகிலா மேடத்தின் முகம் நிற்கவில்லை.

"ஒருத்தரோடதான்."

"அப்ப அவங்க சைடு. உங்க சைடு பக்காங்க மேடம். ரேட்டிங் கேட்டு மெசேஜ் வரும், அஞ்சு போட்ருங்க."

ஐந்து போட்டேன்.

சுகுணாவுக்குச் செய்தி அனுப்பினேன், அவர்கள் இணைப்பைப் பார்க்கச் சொல்லி. பதில் உடனே வந்தது. 'இங்க நெட் நல்லாருக்கு சாரு. தம்பி ஆபீஸ் வேலையே இதுலதான் பண்றான்.'

அவள் பொய் சொல்வதாக அன்று முழுக்க நம்பினேன். அது எளிதாக இருந்தது.


அக்டோபர் 1

ஆயுத பூஜை.

கல்லூரியில் நேற்றே பொரி கொடுத்துவிட்டார்கள். இன்று விடுமுறை. மத்தியானத்திலிருந்தே மேசையைத் துடைத்து, லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தேன். அழைப்புக்குக் கொஞ்சம் முன்னால் உருளையின் விளக்கு சிவப்பாக மாறியது.

மாடிக்கு ஓடினேன்.

டிவிக்குப் பின்னால் எதுவும் இல்லை. வயர்கள் தொங்கின. பூஜை அலமாரிக்கு முன் பலகை போட்டு, அதில் லீலாவதி அக்காவின் கணவர் வேலுச்சாமி அண்ணனின் ஸ்பேனர்கள், தேங்காய் துருவி, தையல் மெஷினின் தலை, பேரனின் பாடப்புத்தகங்கள். நடுவில் இணைப்புப் பெட்டி. அதன் மேல் என் வெள்ளை உருளை. இரண்டுக்கும் சந்தனம் வைத்து, குங்குமம் இட்டு, சாமந்திப் பூ செருகியிருந்தார்.

"அக்கா, எனக்கு இப்ப கால் இருக்குங்க்கா."

அவர் முகம் மாறியது. "அட்டே. இன்னைக்கு புதனா? சாமி, நான் மறந்தே போயிட்டனே."

"எடுத்துக்கட்டுங்களா?"

"பூசைக்கு வெச்சதக் கண்ணு... நாளைக்குக் காலைல மறுபூசை போட்டுத்தான் எடுக்கோணும். இன்னைக்கு அதுக்கு வேல குடுக்கப்படாது. வருசம் பூராம் உழைக்குதல்ல, ஒரு நாளு உக்காரட்டும்னு..." பிறகு, "நீ வேணும்னா எடுத்துக்கோ. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்," என்றார். நிஜமாகவே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் முதுகைப் பார்த்தபடி நின்றேன். படித்த எனக்கு இந்தப் பூஜை விதியெல்லாம் ஒன்றுமே இல்லை. கையை நீட்டினால் எட்டும். ஆனால் ஈரம் காயாத சந்தனத்தில் அவர் விரலின் ரேகை பதிந்திருந்தது. எடுக்கவில்லை.

கைபேசியோடு தெருவுக்கு ஓடினேன். கீழ் வீட்டில் கைபேசி சிக்னல் கிடையாது. முனையில், ஆட்டோ ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்று அழைத்தேன். ஆட்டோக்களுக்கு வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்க நிக்கற சாரு? சந்தையிலயா?" சுகுணா.

"வீட்டுல நெட் இல்ல அண்ணி."

"வாரத்துக்கு ஒரு நாளு. அதுக்கும் இப்படின்னா எப்படி?" அவள் சொன்னது சரிதான். கைபேசி ஆதிரையிடம் போனது.

இந்தச் சத்தத்தில் கேட்க முடியாது என்று லீவைப் பற்றிக் கேட்கவேயில்லை. ஆமையைப் பற்றிக் கேட்டேன். கலெக்டர் வகுப்பிலிருந்து தப்பித்துப் பிரின்சிபால் அறைக்குப் போய்விட்டாராம். சொல்லும்போதே சிரிப்பு வந்து சொல்ல முடியவில்லை அவளுக்கு. பூசணி உடைந்ததைத் திருப்பிக் காட்டச் சொன்னாள். காட்டினேன். இன்னும் சிரித்தாள்.

அப்போது நின்றது.

முகம் சதுரம் சதுரமாக உடைந்தது. ஒரு கண் கன்னத்துக்கு இறங்கியது. குரல் தகர டப்பாவுக்குள் போய் நின்றது. பின்னால் காலண்டர் தாள் பாதி தூக்கியபடி நின்றது. மேலே மின்விசிறி நின்றது.

மூன்று இறக்கைகளும் தனித்தனியாகத் தெரிந்தன.

ஆட்டோக்காரர் ஒருவர் என் கையில் பொரிப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். நான் வாங்கிக்கொண்டேன்.


அக்டோபர் 2

மின்விசிறியும் நின்றது.


அக்டோபர் 3

மறுபூஜை முடிந்து எடுத்த உருளையைத் துடைத்து, மறுபடி மாட்டித் தரச் சொல்லி லீலாவதி அக்கா கொண்டுவந்தார். இடுக்கில் குங்குமம் மிச்சம் இருக்கிறது. "பொண்ணுகூடப் பேச உடாமப் பண்ணீட்டனே," என்று இரண்டு முறை சொன்னார். பேசினேன் என்றேன். நல்லாப் பேசினோம் என்றேன். நம்பவில்லை. தட்டு நிறைய சுண்டல் வைத்துவிட்டுப் போனார்.

அவரிடம் நன்றி சொல்லியிருக்க வேண்டும். எதற்கென்று அவருக்குப் புரிந்திருக்காது.


அக்டோபர் 5

எழுதாமல் இருக்கப் பார்த்தேன்.

நாங்கள் மூவரும் ஒரே வீட்டில் இருந்தபோது அவளுக்குப் பிடித்த விளையாட்டு ஸ்டாச்சு. நான் சொன்னதும் நிற்க வேண்டும். அசைந்தால் தோற்றாள். அவளால் முடிந்ததே இல்லை. ஒற்றைக்காலில் நின்று, உதட்டைக் கடித்து, உடனே குபீரென்று சிரித்துவிடுவாள். நீ தோத்துட்ட. இல்ல, இன்னொரு தடவ. நீ தோத்துட்ட.

இப்போது முடிகிறது. கண்கூட இமைக்காமல்.

ஒரு நாள் படம் உண்மையிலேயே நின்றிருக்கும். முதல் முறை. அன்று ஏதோ கேட்டிருப்பேன், பதில் சொல்லாமல் தப்பித்திருப்பாள். நான் துண்டித்து, மறுபடி அழைத்து, வேறு பேசியிருப்பேன். குழந்தைகள் பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள்.

வருகிறேன் என்றால் அந்த வீட்டில் யாரோ சாப்பிடாமல் படுப்பார்கள். வரவில்லை என்றால் என் முகம் என்னாகும் என்று அவளுக்குத் தெரியும். அவள் அதைத் திரையில் முழு அளவில் பார்க்கிறாள். என் பக்கம் நல்ல கேமரா.

நான் சுவரை அளந்துகொண்டிருந்தேன்.


அக்டோபர் 7

ஷகிலா மேடம்: "நாளைக்கு நடக்கும்ல? அவங்க வக்கீல்கிட்டயும் சொல்லிட்டேன், பொண்ணுகிட்ட நேரா கேக்கப் போறோம்னு. அப்புறம் சொல்லிக் குடுத்தாங்கன்னு பேச்சு வரக்கூடாது பாருங்க."

கேட்காமல் இருக்கலாமா என்றேன்.

பிரின்டர் நின்றது. "கேக்காம எப்படிம்மா? நாளைக்கு விட்டா இந்த லீவு போச்சு. அடுத்து அரைப்பரீட்சை லீவுதான். அதுவும் நிச்சயம் இல்ல."

அவள் இங்கே வந்தால் எந்தப் பக்கம் படுப்பாள் என்பதுவரை யோசித்து வைத்திருந்தேன். சுவர்ப் பக்கம். விழமாட்டாள்.

மாலையில் லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிட்டு, உருளையிலிருந்து நேராக வயர் இழுத்துச் செருகினேன். கம்பியில்லாத எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்துவிட்டுக் கம்பிக்கே வந்திருக்கிறேன். இனி எதன்மேலும் பழி போட முடியாது.


அக்டோபர் 8

சுகுணா ஆதிரைக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். தோள் மட்டும் தெரிந்தது. புதுப் புடவை.

"இன்னைக்கு நானும் இருக்கேன் சாரு. நீ ஏதோ கேக்கணுமாமே. கேளு. நான் குறுக்க வரமாட்டேன்."

"கலெக்டர் எப்படி இருக்கார் ஆதி?"

"நல்லாருக்கார்."

"தப்பிச்சுப் போனாரே, அப்புறம்?"

"மிஸ் தூக்கிட்டு வந்துட்டாங்க."

"முட்டைக்கோஸ் சாப்பிடறாரா?"

"சாப்பிடறார்."

நான் பல்லைப் பற்றிக் கேட்டேன். மழையைப் பற்றிக் கேட்டேன். நேரம் போய்க்கொண்டிருந்தது. அது இப்படியே போய்விடும் என்று ஒரு நம்பிக்கை. ஆதிரையின் கைகள் மடியில் இருந்தன, ஒன்றை ஒன்று பிடித்தபடி.

சுகுணாவால் பொறுக்க முடியவில்லை. "நீ கேக்கலைன்னா நாளைக்கு எங்க மேலதான் வரும், நாங்க கேக்க விடலைன்னு. ஆதிரை, அம்மா தீபாவளி லீவுக்குக் கூப்பிடறா. போறியா, இல்லியா? நீயே சொல்லு."

படம் நின்றது.

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நெற்றியில் முடி பறந்தது. காலண்டர் தாள் எழுந்து விழுந்தது. நடுவில் அவள் மட்டும்.

"ஏய். உன்னத்தான். என்ன பொம்மை மாதிரி உக்காந்திருக்க? பதில் சொல்லு." சுகுணாவின் கை வந்து தோளைப் பிடித்தது. முரட்டுத்தனமாக இல்லை. சும்மா பிடித்தது. ஆதிரை அசையவில்லை. அவள் கண்களில் நீர் கோத்தது, விளிம்புவரை வந்து நின்றது. இமைத்தால் விழுந்துவிடும். இமைக்கவில்லை.

கேட்டிருக்கலாம். மெதுவாக, சாதாரணமாக, வா கண்ணு என்று ஒரே ஒரு முறை. அழுதுகொண்டேயாவது வருகிறேன் என்று சொல்லியிருப்பாள் என்று இப்போதும் தோன்றுகிறது.

நான் ஸ்டாச்சு ஆனேன்.

வாய் பாதி திறந்தபடி. ஒரு பக்கம் தலை சாய்ந்தபடி. மூச்சை நிறுத்தினேன். என் வீட்டு மின்விசிறியை நான் அழைப்பின்போது போடுவதில்லை. பின்னால் வெறும் சுவர்.

"சாரு? சாரு, கேக்குதா?" சுகுணா திரைக்கு அருகே குனிந்தாள். "அட, இவளும் நின்னுட்டா. நெட்டு போச்சு போல."

ஆதிரையின் கண் அசைந்தது. என்னைப் பார்த்தாள். நேராக, என்மேல். நீர் இரண்டு கன்னத்திலும் இறங்கியது. உதட்டோரத்தில் ஏதோ வந்தது, முன்பு தோற்பதற்கு முன்னால் வருமே, அது. வந்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. படம் அவ்வளவு தெளிவாக இருந்தும்.

மேசைக்குக் கீழே என் இடது கை சுவிட்சைத் தேடிக்கொண்டிருந்தது. கிடைத்தது. உருளையை அணைத்தேன்.

சற்று நேரத்தில் லீலாவதி அக்கா கதவைத் தட்டினார். புதன்கிழமைகளில் இப்போது அவர் மாடியில் டிவி போடுவதில்லை.

"ஏங்கண்ணு, அதுக்குள்ள பேசி முடிச்சுட்டியா?"

"நெட்டு போயிருச்சுங்க்கா."

"மேல இருக்குதே. நான் எதையும் தொடலியே சாமி."

"நீங்க இல்லீங்க்கா. இங்கதான்."

குளியலறை வாசலில் கைபேசிக்கு மாடி வைஃபை கிடைத்தது. ஷகிலா மேடத்தின் செய்தி வந்திருந்தது, என்ன சொன்னாள் என்று கேட்டு. கேட்க முடியவில்லை, இணைப்பு போய்விட்டது என்று எழுதி அனுப்பினேன். அப்போ இந்த லீவு இல்லம்மா என்று பதில் வந்தது.

அரிசி களைந்து உலை வைத்தேன்.